யூஎஸ் நேஷனல்ஸ் ஃபிகர் ஸ்கேட்டிங்: விச்சிட்டா 2025 ரிசல்ட்டும் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளும்

அமெரிக்க நேஷனல் ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் முடிஞ்சா போதும், ஒரே மாதிரி கேள்விகளா வர ஆரம்பிச்சிடும். யாரு ஜெயிச்சா, அந்த ஸ்கோர் எப்படி வந்துச்சு, நாலாவது வந்தவங்க கழுத்துல எதுக்கு மெடல், ரெண்டாவது வந்தவர ஏன் ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பல. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி அலுத்துப்போச்சு, அதனால மொத்தமா இங்க எழுதி வச்சிடுறேன். விச்சிட்டா 2025 தான் மெயின், நடுநடுவுல பழைய கதைக்கும் போவேன், ஏன்னா அது தெரியாம இந்தப் போட்டிய பாத்தா பாதி புரியாது.

இது என்ன போட்டி, எப்பலேர்ந்து நடக்குது?

அமெரிக்காவோட தேசிய சாம்பியன்ஷிப், சுருக்கமா நேஷனல்ஸ். முதல் தடவை நடந்தது 1914-ல, கனெடிகட்ல இருக்குற நியூ ஹேவன்ல. இப்ப இத நடத்துற சங்கம் பொறந்ததே 1921-ல தான், அதாவது சங்கத்த விட போட்டிக்கு வயசு ஜாஸ்தி. ஒவ்வொரு ஜனவரியும் ஒவ்வொரு ஊர்ல நடக்கும். 2024-ல கொலம்பஸ், 2025-ல கேன்சஸ் மாநிலத்து விச்சிட்டா, ஜனவரி 20-லேர்ந்து 26 வரைக்கும், இன்ட்ரஸ்ட் பேங்க் அரீனால.

ஃபிகர்னு ஏன் பேரு? அங்க யாரும் எந்த ஃபிகரும் போடுற மாதிரி தெரியலையே?

முன்னாடி போட்டாங்க. ஐஸ் மேல பிளேடால எட்டு மாதிரி, வட்டம் மாதிரி கோடு இழுக்கணும், அதே கோட்டு மேலயே திரும்பத் திரும்ப போகணும், அப்புறம் ஜட்ஜுங்க குனிஞ்சு நின்னு கோட்ட பாத்து மார்க் போடுவாங்க. பாக்குறவங்களுக்கு தூக்கம் வரும், டிவிக்கு சுத்தமா ஆகாது. இன்டர்நேஷனல் போட்டிகள்ல 1990-ஓட தூக்கிட்டாங்க. அமெரிக்கா மட்டும் தனிப் பிரிவா 1999 வரைக்கும் வச்சிருந்துச்சு. பேரு மட்டும் அப்படியே ஒட்டிக்கிச்சு.

விச்சிட்டால யாரெல்லாம் ஜெயிச்சாங்க? சுருக்கமா சொல்லுங்க.

ஆண்கள்ல இலியா மாலினின். பெண்கள்ல ஆம்பர் க்ளென். பேர்ஸ்ல அலிசா எஃபிமோவா, மிஷா மிட்ரோஃபனோவ் ஜோடி. ஐஸ் டான்ஸ்ல மேடிசன் சாக், எவன் பேட்ஸ். இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்க பெண்கள் ஃபைனல பாக்கல. அதுக்கு வரேன்.

பெண்கள் பிரிவுல ஏன் அவ்ளோ பரபரப்பு?

ஏன்னா முதல் ரெண்டு பேருக்கும் நடுவுல மொத்த வித்தியாசம் 1.46 பாயிண்ட் தான்.

ஒவ்வொருத்தரும் ரெண்டு தடவ ஆடணும், முதல்ல சின்னதா ஷார்ட் ப்ரோக்ராம், அப்புறம் நீளமா ஃப்ரீ ஸ்கேட், ரெண்டு ஸ்கோரையும் கூட்டுவாங்க. ஷார்ட் ப்ரோக்ராம் முடிஞ்சப்ப முதல் எடத்துல இருந்தது அலிசா லியூ, 76.36. நடப்பு சாம்பியனா வந்த ஆம்பர் க்ளென் 70.91. அதாவது 5.45 பின்தங்கி ஃப்ரீ ஸ்கேட்டுக்கு வராங்க, அதுவும் அந்த சீசன் முழுக்க ஒரு போட்டி கூட தோக்காதவங்க, டிசம்பர்ல ஃப்ரான்ஸ் க்ரெனோபிள்ல நடந்த கிராண்ட் ப்ரீ ஃபைனல்ங்கற பெரிய இன்டர்நேஷனல் போட்டி வரைக்கும் ஜெயிச்சிட்டு வந்தவங்க, 2010-க்கு அப்புறம் அந்த ஃபைனல ஜெயிச்ச முதல் அமெரிக்கப் பொண்ணு. ஃப்ரீ ஸ்கேட்ல க்ளென் 145.88, லியூ 138.97. இங்க 6.91 முன்னாடி. கூட்டிக் கழிச்சா க்ளென் 216.79, லியூ 215.33.

1.46-ன்னா எவ்ளோன்னு ஒரு கணக்கு சொல்றேன். ட்ரிபிள் லட்ஸ்னு மூணு சுத்து ஜம்ப் ஒண்ணு இருக்கு, அதுக்கு பேஸ் வேல்யூ, அதாவது அந்த ஜம்புக்குன்னு குறிச்சு வச்ச விலை, 5.90. அதுல விழுந்தா பாதி போச்சு, 2.95. விழுந்ததுக்கு தனியா 1 பாயிண்ட் வெட்டு. ஆக ஒரே ஒரு தடவ விழுந்தா 3.95 அவுட். அதுல பாதி கூட இல்ல இந்த 1.46. இன்னொரு பக்கம் பாருங்க, பெண்கள் ஃப்ரீ ஸ்கேட்ல ஆர்ட்டிஸ்டிக் மார்க் மூணையும் 2.67-ஆல பெருக்குவாங்க. மூணுலயும் ஆவரேஜ் கால் மார்க் கொறஞ்சாலே 2 பாயிண்ட் போயிடும். அதாவது ஜட்ஜுங்க லேசா மூக்கச் சுருக்குனாலே சாம்பியன் மாறியிருப்பாங்க. நூலிழைன்னு சும்மா சொல்வோம்ல, நிஜமாவே இது அது தான்.

அலிசா லியூ ரிட்டயர் ஆகலையா?

ஆனாங்க. 2022-ல, பதினாறு வயசுல! பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல ஆறாவது, அடுத்த மாசமே வேர்ல்ட்ஸ்ல, அதாவது உலக சாம்பியன்ஷிப்ல, வெண்கலம், அதோட போதும்னு ஸ்கேட்டிங் பூட்ஸ கழட்டிட்டாங்க. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரைக்கும் நடந்தாங்க, காலேஜ்ல சைக்காலஜி சேந்தாங்க. 2024 ஆரம்பத்துல மலைல ஸ்கீயிங் போன எடத்துல பழைய ஞாபகம் வந்து, சும்மா ஒரு நாள் ரிங்க்குக்கு போயி, அப்படியே திரும்ப வந்துட்டாங்க. ரெண்டு வருஷம் ஐஸையே தொடாதவங்க வந்த முதல் நேஷனல்ஸ்லயே 1.46-ல தங்கத்த விடுறாங்கன்னா என்ன சொல்ல. அதே வருஷம் மார்ச்ல பாஸ்டன்ல நடந்த வேர்ல்ட்ஸ ஜெயிச்சாங்க, 2006-ல கிம்மி மைஸ்னருக்கு அப்புறம் எந்த அமெரிக்கப் பொண்ணும் அத ஜெயிச்சதில்ல. நேஷனல்ஸ்ல ரெண்டாவது, உலகத்துல முதல். நேஷனல்ஸ் லிஸ்ட்ட மட்டும் பாத்துட்டு ஒருத்தர எடை போடாதீங்கன்னு நான் கத்துறது இதுக்கு தான்.

அவங்க பதிமூணு வயசுலயே நேஷனல் சாம்பியன்னு சொல்றாங்க, உண்மையா? அப்ப ஏன் வேர்ல்ட்ஸுக்கு போகல?

உண்மை. 2019 டெட்ராய்ட். அதுக்கு முன்னாடி இருந்த ரெக்கார்ட் டாரா லிபின்ஸ்கியோடது, 1997-ல 14 வயசு. லியூ எவ்ளோ குட்டியா இருந்தாங்கன்னா மெடல் மேடையோட மேல் படி எட்டல, ரெண்டாவது வந்த பிரேடி டெனலும் மூணாவது வந்த மரையா பெல்லும் கை குடுத்து ஏத்தி விட்டாங்க. தோத்த ரெண்டு பேரும் சேந்து ஜெயிச்ச புள்ளைய தூக்கி விடுறாங்க. அந்த கிளிப்ப நான் எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல.

வேர்ல்ட்ஸுக்கு போகாததுக்கு காரணம் வயசு தான். நேஷனல்ஸுக்கு அமெரிக்க சங்கத்தோட ரூல், வேர்ல்ட்ஸுக்கு இன்டர்நேஷனல் ஸ்கேட்டிங் யூனியனோட ரூல். அப்ப சீனியருக்கு குறைஞ்சது 15. பெய்ஜிங்ல ரஷ்யப் பொண்ணு கமிலா வலியேவா டோப்பிங் விவகாரம் வெடிச்சப்புறம் படிப்படியா ஏத்தி, 2024-25 சீசன்லேர்ந்து 17 ஆக்கிட்டாங்க. நல்ல முடிவு, என்ன கேட்டா லேட்டான முடிவு.

மாலினின் 333.31 வாங்குனாரே, அது உலக ரெக்கார்டு இல்லையா?

ரெண்டு காரணத்தால இல்ல. முதல்ல, நேதன் சென் 2019-ல டூரின்ல நடந்த கிராண்ட் ப்ரீ ஃபைனல்ல எடுத்த 335.30 அத விட ஜாஸ்தி. ரெண்டாவது, எந்த நாட்டோட நேஷனல்ஸா இருந்தாலும் அதுல வாங்குற ஸ்கோர இன்டர்நேஷனல் யூனியன் கணக்குலயே எடுக்காது. அதே நேதன் சென் 2019 நேஷனல்ஸ்ல 342.22 வாங்குனார், அது எந்த ரெக்கார்ட் புக்லயும் இல்ல.

காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சது தான், வீட்டுப் புள்ளைக்கு வீட்டுல மார்க் கொஞ்சம் தாராளமா தான் விழும். அமெரிக்கா மட்டும்னு இல்ல, ரஷ்யா, ஜப்பான் எங்கயும் இதே கத. அதனால நேஷனல்ஸ் ஸ்கோர எடுத்துட்டு வந்து வேற நாட்டு ஸ்கேட்டரோட ஸ்கோர்கூட ஒப்பிட்டு சண்ட போடாதீங்க. அதே போட்டில ஆடுனவங்களுக்குள்ள ஒப்பிடுறதுக்கு தான் அது லாயக்கு.

அப்ப மாலினின் அவ்ளோ பெரிய ஆளு இல்லைங்கறீங்களா?

நான் எங்க அப்படி சொன்னேன்! ஷார்ட்ல 114.08, ஃப்ரீல 219.23, ரெண்டாவது வந்த ஆண்ட்ரூ டோர்காஷேவ் எட்டியே பாக்க முடியாத தூரம். போட்டில குவாட் ஆக்சல்ங்கற ஜம்ப் போட்ட ஒரே ஆளு அவர் தான், முதல் தடவ 2022 செப்டம்பர்ல லேக் ப்ளாசிட்ல. மத்த ஜம்பெல்லாம் பின்னாடி பாத்து எகிறணும், ஆக்சல் மட்டும் முன்னாடி பாத்து எகிறணும், ஆனா எறங்குறது எல்லாமே பின்னாடி பாத்து தான், அதனால ஆக்சலுக்கு அரை சுத்து எக்ஸ்ட்ரா. நாலு சுத்துன்னு பேரு, சுத்துறது நாலரை. ஸ்லோ மோஷன்ல ஒரு தடவ பாருங்க. இடது கால் பிளேடோட வெளி எட்ஜ்ல, அதாவது வெளி ஓரத்துல, சறுக்கிட்டு வருவார், வலது முட்டி மேல வீசும், கை ரெண்டும் நெஞ்சோட ஒட்டும், அப்புறம் மூஞ்சியே தெரியாது, வெறும் ஒரு கோடு சுத்துற மாதிரி இருக்கும், தட்டுன்னு வலது கால்ல எறங்கும்போது தான் மனுஷன்னே தெரியும். மொத்தமா ஒரு செகண்டு கூட ஆகாது. பேஸ் வேல்யூ 12.50, குவாட் லட்ஸுக்கு 11.50, குவாட் டோ லூப்புக்கு 9.50.

அப்பா அம்மா ரெண்டு பேருமே ஸ்கேட்டர்ஸ், உஸ்பெகிஸ்தானுக்காக ஆடுனவங்க. அம்மா டட்டியானா மாலினினா 1999 ஃபோர் காண்டினென்ட்ஸ் சாம்பியன். புலிக்கு பொறந்தது பூனையாகுமா?

அவர் போடுற பேக்ஃப்ளிப்புக்கு, அதான் பின்பக்கமா அடிக்குற குட்டிக்கரணத்துக்கு, எவ்ளோ பாயிண்ட்?

பூஜ்யம். 1976-ல டெரி குபிக்கா போட்டதுக்கு அப்புறம் தடை பண்ணாங்க, 1998 நாகானோ ஒலிம்பிக்ஸ்ல சூர்யா போனாலி தடையையும் மீறி போட்டு ஒத்தக் கால்ல எறங்குனாங்க, 2024-25 சீசன்லேர்ந்து தான் அனுமதி. ஜம்பா கணக்குல வராது, கூட்டம் கத்துறதுக்கு மட்டும்.

விழுந்தவங்க எப்படி ஜெயிக்கிறாங்க? விழாம ஆடுனவங்கள விட விழுந்தவங்களுக்கு ஸ்கோர் ஜாஸ்தி வந்திருக்கே?

இது தான் நம்பர் ஒன் கேள்வி. பழைய 6.0 சிஸ்டம்ல ஜட்ஜ் மொத்தமா பாத்து டெக்னிக்குக்கு ஒண்ணு, ப்ரசன்டேஷனுக்கு ஒண்ணுன்னு ரெண்டே மார்க் போடுவார், விழுந்தா பளிச்சுன்னு கொறையும். 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்ஸ்ல பேர்ஸ் போட்டில ஜட்ஜிங் ஊழல்னு நாறிப்போயி கடைசில ரெண்டு ஜோடிக்கு தங்கம் குடுக்க வேண்டியதாச்சு, அதுக்கு அப்புறம் தான் புது சிஸ்டம். அமெரிக்க நேஷனல்ஸுக்கு அது வந்தது 2006-ல.

இப்ப எப்படின்னா ஒவ்வொரு ஜம்ப், ஒவ்வொரு ஸ்பின், எல்லாத்துக்கும் தனித்தனி விலை இருக்கு. அந்த விலைக்கு மேல ஜட்ஜுங்க மைனஸ் 5-லேர்ந்து ப்ளஸ் 5 வரைக்கும் தரம் போடுவாங்க, ஒரு படிக்கு அந்த ஜம்ப் விலைல பத்து பர்சன்ட். ப்ரோக்ராம் கடைசில போடுற ஜம்புக்கு பத்து பர்சன்ட் போனஸ், ஷார்ட்ல கடைசி ஒண்ணுக்கு, ஃப்ரீல கடைசி மூணுக்கு, ஏன்னா மூச்சு வாங்குற நேரத்துல எகிறுறது லேசுபட்ட காரியம் இல்ல. இது போக கம்போசிஷன், ப்ரசன்டேஷன், ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ்னு மூணு மார்க்.

இப்ப கணக்கு போடுங்க. குவாட் லட்ஸ் போட்டு முழுசா சுத்திட்டு விழுறார், 11.50-ல பாதி 5.75, வெட்டு 1 போக 4.75. இன்னொருத்தர் பத்திரமா டபுள் ஆக்சல் போடுறார், 3.30. விழுந்தவருக்கு தான் ஜாஸ்தி! எனக்கும் இது கொஞ்சம் உறுத்தும், ஆனா ரூல் ரூல் தான்.

ஸ்கோர் ஷீட்ல ஜம்ப் பேர் பக்கத்துல q, அப்புறம் அம்புக்குறி மாதிரி ஏதோ இருக்கே?

அது முழுசா சுத்தலன்னு, ஜம்ப சரி பாக்குற டெக்னிக்கல் பேனல் வைக்குற புகார். q-ன்னா கரெக்டா கால் சுத்து கொறை, விலை முழுசா கிடைக்கும், ஜட்ஜுங்க தரத்துல வெட்டுவாங்க. ஒத்த அம்புக்குறின்னா கால் சுத்துக்கு மேல கொறை, விலையே எண்பது பர்சன்ட்டா கொறஞ்சிடும். ரெட்டை அம்புக்குறின்னா அரை சுத்து இல்ல அதுக்கு மேல கொறை, ட்ரிபிள டபுள்னு எண்ணிடுவாங்க. டிவில அழகா எறங்குன மாதிரி இருக்கும், அவங்களும் கைய ஆட்டி சிரிச்சிட்டு வந்து உக்காருவாங்க, ஸ்கோர் வந்ததும் மூஞ்சி சுருங்கிடும். முக்கால்வாசி நேரம் காரணம் இந்த குட்டி குறி தான். ரேங்க் லிஸ்ட்ட பாத்துட்டு போறவங்க ஒரு தடவ அந்த ஷீட்ட தொறந்து பாருங்க, போட்டியே வேற மாதிரி தெரியும்.

ஐஸ் டான்ஸுக்கும் பேர்ஸுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் ஒரு ஆணும் பொண்ணும் தானே ஆடுறாங்க?

பேர்ஸ்ல தலைக்கு மேல தூக்குவாங்க, தூக்கி எறிவாங்க, ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்துல ஜம்ப் போடுவாங்க. பாக்குற நமக்கே வயித்துல புளிய கரைக்கும். ஐஸ் டான்ஸ்ல அதெல்லாம் கிடையாது, தலைக்கு மேல தூக்கக் கூடாது, எல்லாமே எட்ஜு, காலடி வேலை, ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற நெருக்கம்.

சாக், பேட்ஸுக்கு இது ஆறாவது தேசிய பட்டம். மெரில் டேவிஸ், சார்லி வைட் ஜோடி 2009-லேர்ந்து 2014 வரைக்கும் வரிசையா ஆறு அடிச்சிருந்தாங்க, அத சமன் பண்ணிட்டாங்க. இவங்களோடது வரிசையா இல்ல, 2015-ல ஒண்ணு, அப்புறம் அஞ்சு வருஷம் காத்திருந்து 2020, 2022, அதுலேர்ந்து விடவே இல்ல. 2024-ல கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டாவது வந்தது கிறிஸ்டினா கரேரா, ஆண்டனி பொனமரெங்கோ. இந்த ஆண்டனியோட அப்பா அம்மா 1992 ஒலிம்பிக் ஐஸ் டான்ஸ் சாம்பியன்ஸ். மூணாவது கேரலைன் க்ரீன், மைக்கேல் பார்சன்ஸ்.

பேர்ஸ்ல ஜெயிச்ச எஃபிமோவா அமெரிக்கா தானா?

ஃபின்லாந்துல பொறந்தவங்க, முன்னாடி ஜெர்மனிக்காக ஆடுனாங்க. வேர்ல்ட்ஸ் மாதிரி யூனியன் போட்டிகளுக்கு ஜோடில ஒருத்தர் அந்த நாட்டு குடிமகனா இருந்தா போதும், ஒலிம்பிக்ஸுக்கு மட்டும் ரெண்டு பேரும் குடியுரிமை வச்சிருக்கணும். அதனால பேர்ஸ்லயும் டான்ஸ்லயும் நேஷனல் சாம்பியனா இருந்தும் ஒலிம்பிக்ஸுக்கு போக முடியாத நெலமை வரலாம்.

நேஷனல்ஸ்ல முதல் மூணு பேர் தானே வேர்ல்ட்ஸுக்கும் ஒலிம்பிக்ஸுக்கும் போவாங்க?

இல்லவே இல்ல, இத தான் நெறைய பேர் தப்பா புரிஞ்சிருக்காங்க. ஒரு கமிட்டி உக்காந்து முடிவு பண்ணும். நேஷனல்ஸ் ரிசல்ட் முக்கியம், ஆனா கிராண்ட் ப்ரீ, முந்தின வருஷ வேர்ல்ட்ஸ் எல்லாத்தையும் பாப்பாங்க.

கைல உதாரணம் நெறைய இருக்கு. 2014-ல ஆஷ்லி வாக்னர் நாலாவது, மிராய் நகாசு மூணாவது, ஒலிம்பிக்ஸுக்கு போனது வாக்னர். நாலு வருஷம் கழிச்சு 2018 சான் ஹோசேல அதே வாக்னர் நாலாவது, மூணாவது கேரன் சென், ரெண்டாவது நகாசு. இந்த தடவ முதல் மூணு பேரையும் அப்படியே எடுத்துட்டாங்க, வாக்னர் வீட்டுல. அதே 2018-ல ஆண்கள்ல ரெண்டாவது வந்த ராஸ் மைனர விட்டுட்டு நாலாவது வந்த ஆடம் ரிப்பன அனுப்புனாங்க. 2022 நாஷ்வில்ல பதினேழு வயசு மாலினின் 302.48 எடுத்து ரெண்டாவது, ஆனா பெய்ஜிங் போனது நேதன் சென், வின்சென்ட் ஜோ, நாலாவது வந்த ஜேசன் பிரவுன். அன்னிக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் முழுசா தணியல, பிரவுன் மேல ஒரு குறையும் இல்ல, இருந்தாலும்.

2025-ல இன்னும் ஒரு படி மேல. இசபோ லெவிட்டோ காயத்தால விச்சிட்டாக்கே வரல, ஜேசன் பிரவுன் பூட் பிரச்சனைல விலகிட்டார். ரெண்டு பேரையும் பாஸ்டன் வேர்ல்ட்ஸுக்கு எடுத்தாங்க. திட்டுனாங்க நெறைய பேர். லெவிட்டோ நாலாவது, பிரவுன் எட்டாவது. இங்க தான் இன்னொரு கணக்கு இருக்கு, ஒரு நாட்டோட டாப் ரெண்டு பேர் ரேங்க்க கூட்டுனா 13-க்குள்ள வந்தா தான் அடுத்த தடவைக்கு மூணு சீட். ஆண்கள்ல மாலினின் 1, பிரவுன் 8, கூட்டுனா 9. பிரவுன் இல்லாட்டி அந்த மூணாவது சீட் கை நழுவியிருக்கும். கமிட்டிய திட்டுறதுல எனக்கும் பங்கு உண்டு, ஆனா இந்த தடவ அவங்க பக்கம் நியாயம் இருந்துச்சு.

நேஷனல் சாம்பியன் பட்டத்த பிடுங்குனதா கேள்விப்பட்டேனே?

1994 டெட்ராய்ட், டோன்யா ஹார்டிங். ஜனவரி 6-ம் தேதி ப்ராக்டிஸ் முடிச்சு வெளிய வந்த நான்சி கெரிகனோட கால்ல முட்டிக்கு மேல தடியால ஒருத்தன் அடிச்சிட்டு ஓடிட்டான். கெரிகனால ஆட முடியல, ஹார்டிங் ஜெயிச்சாங்க, ரெண்டாவது வந்தது 13 வயசு மிஷெல் க்வான். ஹார்டிங்கோட முன்னாள் புருஷனும் பாடிகார்டும் ஏற்பாடு பண்ண வேலைன்னு அப்புறம் தெரிஞ்சுது. ஆடாத கெரிகனுக்கு கமிட்டி ஒலிம்பிக் சீட் குடுத்தாங்க, அவங்க லில்லஹாமர் ஒலிம்பிக்ஸ்ல வெள்ளி, ஹார்டிங் எட்டாவது. மார்ச்ல விசாரணைக்கு குறுக்க நின்னதா ஹார்டிங் கோர்ட்ல ஒத்துக்கிட்டாங்க. ஜூன்ல பட்டத்த பறிச்சு, ஆயுளுக்கும் தடை. பட்டத்த யாருக்கும் மாத்திக் குடுக்கல, 1994 பெண்கள் சாம்பியன் எடம் இன்னிக்கும் காலி.

பாவம் என்னன்னா இதே ஹார்டிங் தான் 1991 நேஷனல்ஸ்ல ட்ரிபிள் ஆக்சல் போட்ட முதல் அமெரிக்கப் பொண்ணு. அத யாரும் பேசுறதில்ல, தடிய மட்டும் தான் பேசுறாங்க.

அதிக பட்டம் யாருக்கு?

பெண்கள்ல ஒன்பது, ரெண்டு பேருக்கு. மாரிபெல் வின்சன் 1928-லேர்ந்து 1937-க்குள்ள, மிஷெல் க்வான் 1996-லயும் அப்புறம் 1998-லேர்ந்து 2005 வரைக்கும் வரிசையா எட்டும். இதுல அழகான ஒரு முடிச்சு இருக்கு. வின்சன் கல்யாணத்துக்கு அப்புறம் வின்சன் ஓவன்ங்கற பேர்ல கோச் ஆனாங்க, அவங்ககிட்ட கத்துக்கிட்டவர் ஃப்ராங்க் கேரல். அவர் தான் பின்னாடி க்வானோட கோச். அதாவது குருவோட ரெக்கார்டுக்கு சமமா தன் சிஷ்யைய கொண்டு வந்து நிறுத்திட்டார். ஆண்கள்ல டிக் பட்டனும் ரோஜர் டர்னரும் ஆளுக்கு ஏழு.

நாலாவது வந்தவங்களுக்கு எதுக்கு மெடல்?

அமெரிக்க நேஷனல்ஸோட தனி பழக்கம் இது. நாலாவது எடத்துக்கு பியூட்டர்னு ஒரு மெடல், வெள்ளீயக் கலவை, மங்கலான சாம்பல் கலர். மேடைல நாலு பேர் நிப்பாங்க. கிண்டல் பண்றவங்க உண்டு. விச்சிட்டால ஆண்கள் பிரிவுல அத வாங்குனது மேக்சிம் நௌமோவ், அடுத்த பதில்ல அவர் வருவார்.

1961-ன்னும் 2025-ன்னும் ஸ்கேட்டிங்காரங்க சேத்து பேசுறாங்களே, என்ன நடந்துச்சு?

1961 நேஷனல்ஸ் கொலராடோ ஸ்ப்ரிங்ஸ்ல. பெண்கள் சாம்பியன் 16 வயசு லாரன்ஸ் ஓவன், மேல சொன்ன வின்சன் ஓவனோட பொண்ணு. பெரிய பொண்ணு, அவங்களுக்கும் அம்மா பேரு தான், மாரிபெல், டட்லி ரிச்சர்ட்ஸ்கூட பேர்ஸ் சாம்பியன். லாரன்ஸோட சிரிச்ச மொகம் பிப்ரவரி 13 தேதி போட்ட ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அட்டைல வந்துச்சு. பிப்ரவரி 15, வேர்ல்ட்ஸுக்காக ப்ராக் போற வழில பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல சபீனா விமானம் விழுந்துச்சு. விமானத்துல இருந்த 72 பேரும் போயிட்டாங்க, கீழ வயல்ல இருந்த ஒருத்தரும். அமெரிக்க டீமோட 18 ஸ்கேட்டர்ஸும் அதுல. அம்மாவும் ரெண்டு பொண்ணும் ஒரே விமானம். அந்த வருஷ வேர்ல்ட்ஸையே ரத்து பண்ணாங்க.

2025-ல விச்சிட்டா முடிஞ்சதும் அதே ஊர்ல வளர்ற பிள்ளைகளுக்கு ஒரு ட்ரெயினிங் கேம்ப் வச்சாங்க. அது முடிஞ்சு ஜனவரி 29 ராத்திரி நெறைய பேர் வாஷிங்டன் விமானத்துல கிளம்புனாங்க. ஏர்போர்ட்ல எறங்கப் போற நேரத்துல பொட்டோமாக் ஆத்துக்கு மேல ராணுவ ஹெலிகாப்டர்கூட மோதி ரெண்டுலயும் சேத்து 67 பேர் போயிட்டாங்க. அதுல 28 பேர் ஸ்கேட்டிங் குடும்பம், பிள்ளைங்க, அவங்க அப்பா அம்மா, கோச்சுங்க. பாஸ்டன் க்ளப்லேர்ந்து மட்டும் ஆறு பேர். அந்த ஆறு பேர்ல ரெண்டு பேர் எவ்கேனியா ஷிஷ்கோவா, வாடிம் நௌமோவ், 1994 பேர்ஸ் உலக சாம்பியன்ஸ், கேம்ப்ல சொல்லிக் குடுக்க தங்கியிருந்தவங்க. மேக்சிமோட அப்பா அம்மா, கோச்சும் அவங்களே தான். புள்ள போட்டி முடிஞ்சு முன்னாடியே வீட்டுக்கு போயிட்டார்.

மார்ச் 2-ம் தேதி வாஷிங்டன்ல நினைவு நிகழ்ச்சி வச்சாங்க. மேக்சிம் தனியா வந்து ஆடுனார். ஆடி முடிச்சு ஐஸ்லயே முட்டி போட்டு அழுதார், அரீனா முழுக்க எந்திரிச்சு நின்னுச்சு. மூணு வாரம் கழிச்சு வேர்ல்ட்ஸ் நடந்தது பாஸ்டன்ல, அந்த ஆறு பேரோட ஊர்ல.